பயன்பாட்டில் இல்லை

உயிரோடு இருந்த ஒரு சட்டத்தைச் செத்துப்போனது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். அது உயிரோடு இருப்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். வேலைப்பளு, மேலிடத்து அவசரம், மறதி என்று பின்னால் எனக்கு நானே பல சமாதானங்கள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. தெரிந்தே எழுதினேன்.

இப்போது பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில், மனைவியின் ஊரில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் வயல். வயலுக்கு அப்பால் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளின் புகைக்குழாய்கள் தெரியும். என்னைப் பார்ப்பவர்கள் இந்த மண்ணில் பிறந்தவன் என்றே நினைக்கிறார்கள். உத்தியோக காலம் முழுக்க அப்படி நினைக்க வைத்ததும் நான்தான். பிறந்தது ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, அதுதான் லயம். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். அப்பா தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டினார், அம்மா கொழுந்து கிள்ளினாள். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தொடங்கி, விடுதிகளில் தங்கிப் படித்து, சட்டம் முடித்து, தலைநகரில் சட்ட வரைவுகளை மொழிபெயர்க்கும் வேலையில் சேர்ந்தேன்.

சேர்ந்த புதிதில் பக்கத்து மேசைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். என் மலையாளத்தில் ஏதோ ஒரு சத்தம் அவருக்கு வேறாகக் கேட்டிருக்க வேண்டும். பாலக்காடு என்றேன். பாலக்காட்டுத் தமிழன் என்றால் அந்த அலுவலகத்தில் ஒரு மரியாதை உண்டு. லயத்துத் தமிழன் என்றால் இளக்காரமாகப் பாண்டி. அந்தச் சொல்லை யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக நான் செய்த காரியங்கள்தான் அதிகம். சில வருடம் கழித்து எலப்புள்ளியில் பெண் எடுத்தேன். சொன்ன பொய்க்கு ஒரு முகவரி கிடைத்தது.

ஓய்வுக்குப் பிறகு என்னை மறுபடி கூப்பிட்டார்கள். காலாவதியான சட்டங்களைக் கண்டுபிடித்து நீக்கப் பரிந்துரைக்கும் ஒரு தற்காலிகக் குழு. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். ஓர் இளம் அதிகாரி, ஒரு வழக்கறிஞர், நான். சமஸ்தான காலத்துச் சட்டங்களின் பழைய நடையைப் படித்துப் பொருள் சொல்ல ஆள் தேவைப்பட்டது. அதற்காகத்தான் நான்.

அந்த வேலை வீண் வேலை என்று இன்றும் சொல்ல மாட்டேன். சட்டப் புத்தகத்தில் உண்மையாகவே பிணங்கள் கிடந்தன. யானை பிடிக்கக் குழி வெட்டுவதற்கு அனுமதி வாங்கும் சட்டம் ஒன்று. பாலம் வந்து ஒரு தலைமுறை ஆன ஆற்றில் பரிசல்காரனின் கடமைகள் பற்றி ஒன்று. ஒரு சட்டத்தைத் திருத்துவதற்கென்று வந்த சட்டம், திருத்தப்பட்டது போன பின்னும் தான் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது. இவையெல்லாம் இருந்தால் யாராவது ஒரு காவலரோ குமாஸ்தாவோ ஏழையைப் பிடித்து மிரட்டத்தான் உதவும். களைய வேண்டியதுதான்.

களையும் முறையில்தான் கோளாறு இருந்தது. ஒரு சட்டம் உயிரோடு இருக்கிறதா என்று அறிய, சம்பந்தப்பட்ட துறைக்கு எழுதிக் கேட்போம். இதன் கீழ் வழக்கு ஏதாவது பதிவாகியிருக்கிறதா, அபராதம் விதித்ததுண்டா, அறிவிப்பு வெளியிட்டதுண்டா. எதுவும் இல்லை என்று பதில் வந்தால் அந்தச் சட்டம் செத்தது. பதிலே வராவிட்டாலும் செத்தது. மீறப்படுகிற சட்டத்துக்குத்தான் வழக்கு உண்டு, காகிதம் உண்டு. ஒருவரும் மீறாத சட்டத்துக்குக் கோப்பில் ஒரு தடயமும் இருக்காது. நன்றாக வேலை செய்த சட்டங்கள்தான் எங்கள் மேசைக்கு முதலில் பிணமாக வந்து சேர்ந்தன. அந்த அறையில் இருந்த நான்கு பேரும் சட்டம் படித்தவர்கள். ஒருவருக்கும் இது தோன்றவில்லை என்று மற்ற மூவருக்காக வேண்டுமானால் சொல்லலாம்.

அந்தச் சட்டம் சின்னது. ஒரு பக்கம்கூட வராது. மலைத்தோட்டங்களில் தொழிலாளர் புதைகாட்டையும் அதற்குப் போகிற வழியையும் தோட்ட முதலாளி அடைக்கக் கூடாது. தோட்டம் யார் கைக்கு மாறினாலும் இந்தக் கடமை நிலத்தோடு போகும். மீறினால் இத்தனை சக்கரம் அபராதம். சக்கரம் என்பது சமஸ்தானத்து நாணயம். அது செல்லாமல் போய் எத்தனையோ காலமாகிறது.

அதைப் படித்துப் பொருள் சொன்ன நேரத்தில் எனக்கு ஒரு குறுகலான பாதை கண்ணில் வந்து நின்றது.

எங்கள் லயத்தில் ஒருவரும் அந்தச் சட்டத்தைப் படித்தவர்கள் இல்லை. ஆனால் எல்லோருக்கும் அது தெரியும். அது கவர்மெண்டு வழி, தொரையே அடைக்க முடியாது என்பார்கள். யாராவது இறந்தால் கங்காணி ஆபீசுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லுவார். வாட்சர் சாவியோடு வந்து தோட்டத்துக் கதவைத் திறந்துவிடுவார். தேயிலைக்கு நடுவே சரிவில் ஏறி, மேட்டில் ஒரு சமதளம். அங்கேதான் புதைப்பார்கள். கவாத்துக் காலத்தில் அந்தப் பாதைக்கு மட்டும் தனி முறை உண்டு. பாடை தூக்குகிறவர்கள் நிற்பதுபோல் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரு கம்பைக் குறுக்கே பிடித்தபடி நடப்பார்கள். கம்பு எந்தச் செடியில் இடிக்கிறதோ அந்தக் கிளை போகும். பாடை அகலம் என்று அதற்குப் பெயர். என் அப்பா அந்தக் கம்பைப் பிடித்து நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். கம்பெனி மாறியது, துரைகள் மாறினார்கள், பாடை அகலம் மாறவில்லை. அப்பாவும் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்கள். என் தங்கையின் மகளும். ஐந்து வயது முடியுமுன் காய்ச்சலில் போன பிள்ளை.

தங்கை லயத்தைவிட்டு எங்கும் போகவில்லை. அதே தோட்டத்தில் வேலை செய்தவரைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்தாள். தோட்டத்தை முதலாளி கைவிட்டுப் போன பிறகும் இருந்தார்கள். சம்பளம் இல்லை, தேயிலை மரமாக வளர்ந்துவிட்டது, கூரை ஒழுகியது. அப்போதும் பாதையை மட்டும் வெட்டி வைத்திருந்தார்கள். என் மாப்பிள்ளை, அதாவது தங்கை கணவர், வருடா வருடம் அந்தக் கம்பைப் பிடிக்கிற ஆட்களில் ஒருவர். நான் ஓய்வுபெற்ற வருடம் போயிருந்தபோதுகூட அவரோடு அந்தப் பாதையில் ஏறி அம்மாவுக்கு வெற்றிலை வைத்துவிட்டு வந்தேன். ஆகவே எனக்குத் தெரியாது என்பதற்கு இடமே இல்லை.

குழு அறையில் அபராதத்தைப் படித்ததும் வழக்கறிஞர் சிரித்தார். சக்கரத்துக்கு எங்கே போவது, அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும் என்றார். துறையிடமிருந்து பதில் வந்திருந்தது, ஒரு வழக்கும் இல்லை என்று. தலைவர் நல்ல மனிதர், கொஞ்சம் தயங்கினார். மலைப்பக்கம் பழக்கம் உள்ளவர்கள் யாராவது இருக்கிறீர்களா, இப்படி ஒரு வழி இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டார். கேட்டுவிட்டு மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

இளம் அதிகாரி முந்திக்கொண்டார். "பாண்டிப் பேய்களுக்கு வழி தப்பிப் போகாமல் இருக்கப் போட்ட சட்டம் சாரே" என்றார் மலையாளத்தில். எல்லோரும் சிரித்தார்கள். அதில் பெரிய விஷம் ஒன்றும் இல்லை. மதியம் சாப்பிடப் போகுமுன் சொல்கிற சாதாரணக் கேலி. நானும் சிரித்தேன். என் அம்மாவையும் அப்பாவையும் சேர்த்துத்தான் சிரித்தேன்.

இருக்கிறது, நான் அந்த வழியில் நடந்திருக்கிறேன் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அடுத்த கேள்வி, உங்களுக்கு அங்கே என்ன வேலை என்று வரும். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சிரித்து முடித்த முகங்கள் என் பக்கம் திரும்பும். அவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள், அதுதான் இன்னும் கொடுமை. அந்த நிமிடத்தில் இவ்வளவும் எனக்குத் தோன்றியது. என் முன்னால் இருந்த காகிதத்தில், 'நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இல்லை. நீக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தலைவரிடம் தள்ளினேன். சாப்பிடப் போனோம்.

நீக்கும் மசோதா சட்டசபையில் ஒரே கட்டாக நிறைவேறியது. விவாதமில்லை. எதிர்க்கட்சியும் வரவேற்றது. செய்தித்தாளில் குப்பை அகற்றப்பட்டது என்ற தொனியில் எழுதியிருந்தார்கள். குழுவுக்கு ஒரு தேநீர் விருந்து தந்தார்கள். நல்ல தேயிலை.

அதற்குள் மேட்டுப்பகுதி முழுவதையும் ஒருவர் வாங்கியிருந்தார். லயங்கள் கீழே சாலையோரம் அப்படியே இருந்தன. மேலே சொகுசு விடுதி வந்தது. வேலி போட்டார்கள், சாலையில் பெரிய கேட் வைத்தார்கள். ஆரம்பத்தில் புதைகாட்டுக்குப் போகிறவர்களை அவர்களும் தடுக்கவில்லை. ஏதோ சட்டம் இருக்கிறது என்று அவர்களுடைய வக்கீல் சொல்லியிருந்தாராம். பிறகு இல்லை என்று சொல்லியிருக்கிறார். கேட்டில் பூட்டு விழுந்தது.

இது எதுவும் எனக்குத் தெரிய வரவில்லை. தங்கை இறப்புக்கும் திருமணத்துக்கும் மட்டும் கூப்பிடுகிறவள். ஒரு மழைநாள் காலையில் போன் வந்தது. மாப்பிள்ளை முந்தின நாள் போய்விட்டார் என்று அப்போதே தகவல் வந்திருந்தது, நான் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். தங்கை தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அண்ணே, நாங்க கேட்டுக்கிட்ட நிக்கோம். இவர எறக்கி வச்சிருக்கு. தொறக்க மாட்டேங்காக."

யார் தடுப்பது என்று கேட்டேன்.

"மானேசரு. நல்ல மாதிரியாத்தான் பேசுதாரு. அப்படி ஒரு சட்டம் இருந்துச்சாம், இப்ப எடுத்துட்டாகளாம். நீ அந்த ஆபீசுல இருந்தவன்தானே. எடுத்துருக்கானு கேட்டுச் சொல்லு. இல்லேன்னா அவருகிட்ட போனக் குடுக்கேன், நீயே பேசு. பிள்ளகிட்டதான் வைக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"எடுத்துட்டாங்க போலிருக்கு" என்றேன்.

போலிருக்கு. என் கையெழுத்தைப் பற்றி நான் அப்படிச் சொன்னேன்.

அந்தப் பக்கத்தில் மழைச் சத்தமும், ஒரு பெண் அழுவதும், யாரோ வண்டியை ஒதுக்கச் சொல்வதும் கேட்டன. என்ன செய்வது என்று தங்கை கேட்டாள். கீழே பொது மயானத்துக்குக் கொண்டு போகச் சொன்னேன். கொண்டு போனார்கள். அண்ணன் படித்தவன், அவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று மற்றவர்களிடம் அவள்தான் சொல்லிச் சமாதானப்படுத்தினாளாம்.

அன்று நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எலப்புள்ளிக்குத் திரும்பினேன். மனைவிக்கு என் பிறப்பு, லயம் எல்லாம் தெரியும். சட்ட விஷயம் தெரியாது. சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, சட்டத்த எடுத்தது நீங்க ஒருத்தரு மட்டும் இல்லீங்கல்ல?"

இல்லை என்றேன். நாலு பேர், அப்புறம் சட்டசபை.

"மத்தவிங்களுக்குத் தெரியாதுங்க. உங்களுக்குத் தெரியும்." முறத்தைக் கீழே வைத்தாள். "பதினாறுக்குப் போறப்ப அவகிட்டச் சொல்லீட்டு வாங்க. சொல்லாம இந்த ஊட்டுல உக்காந்து என்னத்துக்கு ஆவுது?"

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். பொள்ளாச்சி, தேனி வழியாகப் போடிமெட்டு ஏறிப் போகிற பாதைதான் எனக்குப் பழக்கம். கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து திரும்பும்போதெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். ஏலம் பறிக்கப் போகிற பெண்கள் ஏறி நின்றார்கள், இறங்கினார்கள். வாக்கியம் அமையவில்லை.

காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, மறுநாள் காலை, தங்கை லயத்து வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சொன்னேன். அந்தச் சட்டத்தை நீக்கலாம் என்று எழுதியது நான்தான் என்றேன்.

உரிப்பதை நிறுத்தவில்லை. "நீயா எழுதினே?"

"ஆமா."

"இப்படி ஒரு வழி இருக்குனு அங்க சொல்லலையா?"

"சொல்லல."

"ஏன்?"

"உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டிருப்பாங்க."

"கேட்டா?" என்றாள். "எங்காத்தா அங்கதான் கெடக்குதுனு சொல்ல வேண்டியதுதானே."

கேலியையும் சொன்னேன். பாதி சொல்லி மீதியை வைத்துக்கொள்வதில் பயனில்லை என்று தோன்றியது.

"எல்லாரும் சிரிச்சாகளா?"

"சிரிச்சாங்க."

"நீயும் சிரிச்சியா?"

"சிரிச்சேன்."

கையில் இருந்த மொச்சையை உரித்து முடித்தாள். தோலைத் தனியே போட்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "ஆத்தாவப் பொதைக்க வந்தப்போ உன் செருப்பு ஒண்ணு சேத்துல மாட்டிக்கிச்சு. புதுச் செருப்பு. நீ அதையே திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டுப் போன. இவருதான் பாடைய அடுத்தாளுகிட்டக் குடுத்துட்டு, கையவிட்டு எடுத்து, தண்ணியில அலசி, உனக்குக் குடுத்தாரு. ஞாபகமிருக்கா?"

இருந்தது. அதுவரைக்கும் இல்லாமல் இருந்து, அப்போதுதான் வந்தது.

அவள் அழவுமில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மொச்சையைச் சுளகில் அள்ளிக்கொண்டு எழுந்தாள். "அவரு போயிட்டாரு. எனக்காவது அந்தப் பிள்ளகிட்ட எடம் வேணும். அதுக்கு என்ன செய்யணுமோ செய்யி. நீதான் செய்யணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

முதலில் பழைய அலுவலகத்தை நாடினேன். தவறான தகவலின் பேரில் நீக்கப்பட்டது, தவறு என்னுடையது, திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று எழுதினேன். பதில் மரியாதையாக வந்தது. நீக்கிய சட்டத்தை மீட்க வழி இல்லை, வேண்டுமானால் புதிய சட்டம் இயற்ற வேண்டும், அப்படி ஒரு உத்தேசம் தற்போது இல்லை. அங்கே இன்னும் பணியில் இருந்த ஒருவர், என்னோடு பல வருடம் வேலை செய்தவர், போனில் சிரித்தார். "செத்தத எழுப்பணும்னா பைபிள்ல லாசரை எழுப்பின ஆளு வரணும் சாரே. நம்ம டிபார்ட்மெண்ட்ல அந்த போஸ்ட் இல்ல" என்றார். நான் ஏன் இதில் இவ்வளவு அக்கறை காட்டுகிறேன் என்று கேட்டார். என் அம்மா அங்கே புதைந்திருக்கிறாள் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்தி, "அதெந்தா நேரத்தே பறயாஞ்ஞது?" என்றார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று. தங்கை கேட்ட அதே கேள்வி.

பிறகு வழக்கு. நீக்கும் சட்டத்திலேயே ஒரு வரி உண்டு, ஏற்கெனவே கிடைத்து அனுபவித்துவரும் உரிமைகளுக்கு இதனால் குறைவில்லை என்று. எல்லா நீக்கச் சட்டங்களிலும் அதைப் போடுவோம். அதைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். நீக்கிய நாள்வரை அந்த வழி புழக்கத்தில் இருந்தது என்று காட்டினால் உரிமை நிற்கும். தங்கையும் லயத்தில் மிச்சமிருந்தவர்களும் வாதிகள். வக்கீலை நான் வைத்தேன். சாட்சியாக நானே ஏறினேன்.

அதுவரை நீதிமன்றத்தைக் காகிதத்தில் மட்டும் அறிந்தவன் நான். கூண்டில் நின்று, நான் அந்த லயத்தில் பிறந்தவன், என் பெற்றோர் அங்கே புதைக்கப்பட்டவர்கள், கடைசியாக இன்ன வருடம்வரை அந்த வழியில் நடந்திருக்கிறேன் என்று உரக்கச் சொன்னேன். இத்தனை பேர் முன்னால் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு தலையில் இடி ஒன்றும் விழவில்லை. இவ்வளவுதானா என்றிருந்தது. இவ்வளவுக்காகவா என்றும் இருந்தது.

விடுதியின் வக்கீல் சின்ன வயதுக்காரர், சத்தம் போடாதவர். குழுவின் கோப்பிலிருந்து ஒரு தாளின் நகலை என்னிடம் காட்டினார். கீழே இருப்பது என் கையெழுத்தா என்று கேட்டார். ஆம். மேலே எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னார். நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இல்லை என்று படித்தேன். இது உண்மையா என்றார். பொய் என்றேன். பொய் என்று தெரிந்தே எழுதினீர்களா? ஆம். அரசாங்கத்துக்கு எழுதியபோது உங்களுக்கு இதில் லாப நஷ்டம் உண்டா? இல்லை. இப்போது வாதி உங்கள் தங்கை அல்லவா? ஆம். லாப நஷ்டம் இல்லாதபோது பொய் சொன்னீர்கள், தங்கைக்காக உண்மை சொல்கிறீர்கள், அப்படித்தானே? பதிலுக்குக் காத்திராமல் அவர் உட்கார்ந்துவிட்டார்.

பின்வரிசையில் தங்கை முக்காடிட்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சு முழுக்க மலையாளத்தில்தான் நடந்தது. அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும்.

வழியைப் பார்த்து அறிக்கை தர ஒரு வக்கீல் கமிஷனரை நீதிமன்றம் அனுப்பியது. நாங்களும் போனோம். கேட் திறந்தது. உள்ளே போனால் வழி இல்லை. பூட்டு விழுந்த நாளிலிருந்து கவாத்து வெட்ட யாரையும் விடவில்லை. இரண்டு பக்கத்துத் தேயிலையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மூடிவிட்டன. எங்கள் ஆட்களில் ஒருவர் தரையில் குனிந்து, இங்கே மண் இறுகியிருக்கிறது பாருங்கள், கால் பட்ட மண் என்று காட்டினார். கமிஷனர் பார்த்தார். மழையில் எல்லா மண்ணும் ஒன்று போலத்தான் இருந்தது. மேட்டில் கல்லறைகள் இருப்பதை எழுதிக்கொண்டார். அங்கே போக வழி எதுவும் காணப்படவில்லை என்றும் எழுதிக்கொண்டார். இரண்டும் உண்மை.

வழக்கு தள்ளுபடியானது. தீர்ப்பில் வாதிகளின் மனவேதனையை நீதிமன்றம் உணர்கிறது என்று ஒரு வரி இருந்தது. என் சாட்சியம் நம்பத்தக்கதல்ல என்று அடுத்த வரி. முப்பது வருடத்துக்கு மேல் சட்டங்களின் சொல்லைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தவன் என்பதால், அந்த வரியில் திருத்த ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். மேல்முறையீடு செய்யலாம் என்றேன். தங்கை வேண்டாம் என்றாள். "இன்னொருக்க ஒன்னய அந்தக் கூண்டுல ஏத்திப் பாக்கணுமா?" என்றாள். என்மேல் இரக்கமா, எரிச்சலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதோடு முடிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கமிஷனர் கல்லறைகளைப் பற்றி எழுதிய பிறகுதான் விடுதிக்காரர்களுக்கு அதன் அருமை தெரிந்திருக்கிறது. அடுத்த சீசனுக்குள் புதர் வெட்டி, மேட்டுக்கு ஒரு நடைபாதை போட்டார்கள். விருந்தினர்கள் காலையில் தேயிலைக்கு நடுவே நடந்துபோய், பழைய தொழிலாளர் கல்லறைகளைப் பார்த்துவிட்டு, மேட்டிலிருந்து பள்ளத்தாக்கையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். வாசலில் ஆங்கிலத்தில் ஒரு பலகை.

விருந்தினர் நடக்கிற பாதையைக் கூட்டிப் பெருக்க ஆள் கேட்டார்கள். தங்கை போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்குச் சொல்லவில்லை. போன ஆடி அமாவாசைக்கு நான் போனபோதுதான் தெரிந்தது. அந்த வயதில் சரிவில் ஏறிப் பெருக்குகிற வேலை. உனக்கு என்ன தேவைக்கு இது, நான் அனுப்புகிறேனே என்றேன். விடுதி கொடுத்த பச்சைக் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"காசுக்குப் போகல. தெனமும் பிள்ளகிட்டப் போயிட்டு வாரேன். கொஞ்ச நேரம் நிக்கேன், ஆத்தாவுக்கும் அய்யாவுக்கும் சேத்துப் பெருக்குதேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. வேலைக்காரினா விடுதாகல்ல." விடுதியின் பெயர் போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டினாள். "உசுரோட இருக்கவரைக்கும் போய்க்கலாம் அண்ணே. செத்தாத்தான் போக முடியாது."

கேட் வரைக்கும் அவளோடு நடந்தேன். அம்மாவுக்கு வைக்க வெற்றிலையும், அப்பாவுக்கு ஒரு சுருட்டும் கொண்டு வந்திருந்தேன். வாட்சர் எங்கள் லயத்துக்காரர்தான், என்னைத் தெரியும். எழுந்து நின்றார். கேட்டின் சின்னக் கதவைத் தங்கைக்குத் திறந்துவிட்டு, என்னிடம் தலையைச் சொறிந்தார். "கோச்சுக்கிடாதீக மாமா. ஒங்கள மட்டும் விட வேண்டாம்னு சொல்லியிருக்காக. கேச நடத்துனது நீங்கதான்னு." வேலைக்கு ஆபத்து வந்துவிடும் என்றார். பரவாயில்லை என்றேன்.

தங்கை என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "நீ இங்கனயே நில்லு. நான் வச்சிருதேன்" என்றாள். என்ன சொல்லி வைப்பாய் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் ஏறினாள். கேட்டின் கம்பிகளுக்கு இடையில் பாதையின் தொடக்கம் மட்டும் தெரிந்தது. கல் பாவி, ஓரத்தில் கயிறு கட்டி, அழகாகத்தான் செய்திருக்கிறார்கள். மேலேயிருந்து விருந்தினர் இருவர் இறங்கி வந்தார்கள். அவர்களுக்கு வழிவிட அவள் தேயிலைச் செடியோடு ஒண்டி நிற்க வேண்டியிருந்தது. அவ்வளவு குறுகல். ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம். பாடை போகாது.